டிக்கியில் படுத்த மெக்கானிக்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது உரக்கச் சொல்ற கதை இல்லை.

ஒரு மாமியார். மகனும் மாசமாய் இருக்கிற மருமகளும் காரில் எங்கே கிளம்பினாலும், கைத்தடியை ஊன்றிக்கொண்டு முந்திப் போய்ப் பின் சீட்டில் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

"சின்னஞ்சிறுசுகளைத் தனியா விடமாட்டேங்குதே இந்தம்மா!" என்று முகத்தைச் சுளிப்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

மகனுக்கு ஆக்ஸிலரேட்டரில் கால் பட்டால் இறக்கை முளைத்துவிடும்.

"மெதுவாப் போங்களேன், வயிறு குலுங்குது" என்று மருமகள் கெஞ்சுவாள்.

"நாம என்ன ஊர்வலமா போறோம்?" என்பான்.

பெண்டாட்டிக்கு மசியாதவன் காருக்கு மசிந்தான். கொஞ்ச நாளாக வேகம் பிடித்தாலே பின்பக்கம் டொக், டொக். மெதுவாகப் போனால் கப்சிப்.

"புது வண்டியாச்சே!" என்று பதறி, இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடினான்.

மெக்கானிக் அவனோடு மட்டும் ஒரு சுற்றுப் போய்வந்தார். சத்தமே இல்லை.

"பின்னாடி ஆள் இருந்தாத்தான் வருது அண்ணே."

"அப்ப அம்மா ஏறட்டும். நான் டிக்கியில படுத்துக் கேக்குறேன்."

"டிக்கியிலயா!"

"சத்தம் எங்கயோ, காதும் அங்கதான் இருக்கணும் தம்பி."

போய்வந்தார்கள். வேகம் பிடித்தபோதெல்லாம் டொக், டொக். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிய மெக்கானிக்கின் உதடு துடித்தது.

"என்னப்பா முழிக்கிற? சொல்லித் தொலை!" என்று அதட்டினாள் மாமியார்.

பட்டறை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அவள் வயிற்றை ஒரு தரம் பார்த்தார் மெக்கானிக்.

"தம்பி, இதுல நான் கை வெக்கமாட்டேன். நாற்பதைத் தாண்டாம ஓட்டுங்க. குழந்தை பொறந்தப்புறம் கொண்டாங்க, பார்க்கலாம்."

"குழந்தைக்கும் காருக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"வேலை தெரிஞ்சவர் சொன்னா கேட்டுக்கடா!" என்றாள் அம்மா.

திரும்பும் வழியில் மருமகள் கண்ணயர்ந்துவிட்டாள். சர்ரென்று ஒரு கார் முந்திப் போனது. மகனுக்குப் பொறுக்கவில்லை. காலை அழுத்தினான்.

டொக்!

வெடுக்கென்று காலை எடுத்தான்.

பின் சீட்டில் மாமியார், தூங்குகிற மருமகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, காரின் தரையைத் தட்டிய கைத்தடியைச் சத்தமில்லாமல் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.