மஞ்சள் போட்டவர்கள்

"சிவப்பை எடுத்துட்டு மஞ்சள் போட்டுடுங்கம்மா. உங்க ஒருத்தராலதான் மொத்த வேலையும் நிக்குது."

மேனேஜர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார வைத்துத்தான் சொன்னார். அவளுக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுகிற பம்ப் அது. அதன் திரையில் நர்ஸ்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவளோடு சேர்த்து நான்கு நிபுணர்கள். நால்வரும் தனித்தனியாகப் பார்த்து, கண்ட குறைகளை ஒரு சாஃப்ட்வேரில் ஏற்ற வேண்டும். சின்னக் குறைக்கு மஞ்சள். உயிருக்கு ஆபத்தென்றால் சிவப்பு. ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது; ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் மாற்றிவிடக் கூடாதே என்று அப்படி அமைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் பார்க்க முடிந்தவர் மேனேஜர் ஒருவர்தான்.

ஒரு சிவப்பு இருந்தாலும் பம்ப் விற்பனைக்குப் போகாது.

"சார், அளவுல வர்ற அந்தத் தசமப் புள்ளி ஈ உட்கார்ந்தா மறைஞ்சுடும் போல இருக்கு. கொஞ்சம் சாய்வா நின்னு பார்த்தா ஒண்ணு புள்ளி அஞ்சு, பதினஞ்சாத் தெரியுது. பத்து மடங்கு மருந்து உள்ளே போயிடும்."

"சரி. மத்தவங்களும் இதே திரையைத்தானே பார்த்தாங்க?" மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "சொல்லக் கூடாது, உங்ககிட்டங்கறதால சொல்றேன். மூணு பேரும் மஞ்சள்தான்."

"டாக்டரம்மாகூடவா?"

"அவங்ககூடத்தான்."

நால்வரில் மூத்தவரான டாக்டரம்மா வார்டில் வேலை பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். பம்பைத் தொட்டுப் பழகிய கை. அவருக்கே உறுத்தாதது நமக்கு மட்டும் ஏன் உறுத்துகிறது?

வீட்டில் கணவனிடம் சொன்னபோது, "மூணு பேருக்குத் தெரியாதது உனக்கு மட்டும் தெரிஞ்சுடுச்சாக்கும்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் மஞ்சள் போட்டாள்.

இறுதி அறிக்கை வந்தது. நான்கு மஞ்சள். மேனேஜர் சொன்னது பொய்யில்லை என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் கேன்டீனில் மற்ற மூவரோடும் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு இளப்பம். கண் இருந்தும் பார்க்காதவர்கள். அவர்களால்தான் தன் வாயை மூடிக்கொள்ள வேண்டி வந்தது.

பம்ப் ஊர் ஊராகப் போனது.

பிறகு அந்தச் செய்தி வந்தது. பிரசவத்துக்கு வந்த ஒரு பெண். ஒன்று புள்ளி ஐந்து ஏற வேண்டிய மருந்து பதினைந்து ஏறிவிட்டது. குழந்தை பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை. இரட்டை ஷிஃப்ட் பார்த்த நர்ஸைப் போலீஸ் கூட்டிப் போனதை டிவியில் காட்டினார்கள். அந்த நர்ஸ் துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள்.

'பம்பில் எந்தக் கோளாறும் இல்லை. நான்கு நிபுணர்கள் பரிசோதித்தது. நர்ஸின் கவனக்குறைவே காரணம்' என்று கம்பெனி அறிக்கை விட்டது.

அன்று மதியம் கேன்டீனில் யாரும் சாப்பிடவில்லை. சாப்பாட்டைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவளால் அடக்க முடியவில்லை.

"டாக்டரம்மா, ஒண்ணு கேட்கறேன். தப்பா நினைக்காதீங்க. வார்டுல இருந்தவங்க நீங்க. அந்தப் புள்ளி எப்படி உங்க கண்ணுல படாமப் போச்சு?"

டாக்டரம்மா தலை நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"யாரு சொன்னா படலைன்னு? நான் சிவப்புதான் போட்டேன். மத்த மூணு பேரும் மஞ்சள் போட்டிருக்காங்க, வயசாயிடுச்சு உங்களுக்கு, எல்லாத்துக்கும் பயப்படறீங்கன்னார் மேனேஜர். எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சும்மா."

மூன்றாமவரான தாடிக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நானும் சிவப்புதான். டாக்டரம்மாவே மஞ்சள் போட்டிருக்காங்கன்னு சொன்னார். அப்புறம் நான் யாரு?"

அவள் மெல்லத் திரும்பி, நான்காவது ஆளைப் பார்த்தாள். எல்லோருக்கும் கடைசியாக வேலைக்குச் சேர்ந்த சின்னவள். கண் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நீயுமா?"

சின்னவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அந்தாளு…" என்று ஆரம்பித்தாள் இவள். மேனேஜர் அறைப் பக்கம் கை நீண்டது. "அந்தாளு நம்ம நாலு பேரையும்…"

"அவர் பொய் சொன்னார், சரி அக்கா." சின்னவளின் குரல் உடைந்திருந்தது. "அறிக்கை வந்த பிறகு பேசக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. நான் புதுசு, கேட்டா சிரிப்பீங்களோன்னு பயந்தேன். தினமும் எதிர்லயே உட்கார்ந்து சாப்பிட்டீங்க. நீங்களாவது இந்தக் கேள்வியை அன்னிக்கே கேட்டிருக்கக் கூடாதா?"