பாடைக்கு முன்னால் போகிறவர்

"அமிர்தம்!"

பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

அமிர்தராஜ் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. பேண்டு செட்டு முன்னால் போக, பாடை பின்னால் வர, ஊர்வலம் கொள்ளிடக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பாடைக்கு முன்னால் ஊதிக்கொண்டு போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. செட்டுக்காரர்களின் கட்டுப்பாடு அது. பார்த்தால், பாடையில் போகிறவர் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாராம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரிக்கிற ஆள் யாரும் பாடைக்கு முன்னால் நடந்ததில்லை.

இந்தக் கட்டுப்பாடுதான் அவர் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டது.

அப்போது சின்ன வயசு. ஓயாமரி சுடுகாட்டுக்குப் போன ஒரு சாவில் ஊதிக்கொண்டிருந்தார். சினிமாப் பாட்டுக்கு வாசிக்க ஆள் பிடித்துக் கொடுக்கும் வெள்ளைச்சாமி, காரை ஓரங்கட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தார். மறுநாள் சென்னையில் பாட்டுப் பதிவு. கிளாரினெட் வாசிக்கிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

"அமிர்தம்! ஒரு நிமிஷம் திரும்புய்யா!"

ஊரெல்லாம் இவரை ராஜ் என்றுதான் கூப்பிடும். அமிர்தம் என்று கூப்பிட்டது அந்த ஒரு மனுஷன்தான்.

அமிர்தராஜ் திரும்பவில்லை. ஊதி முடித்துவிட்டுப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார். முடிப்பதற்குள் கார் போய்விட்டது. "திமிர் பிடிச்ச பய" என்று வெள்ளைச்சாமி டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனாராம். தானாகப் போய் நிற்க இவருக்கும் ரோஷம் விடவில்லை. பாவி மனுஷன்! அதற்கப்புறம் சென்னையிலிருந்து ஒருத்தரும் கூப்பிடவில்லை.

அந்த வயிற்றெரிச்சலில் ஒரு மெட்டு பிறந்தது. யார் வீட்டுச் சாவிலோ அதை ஊதினார். தங்கள் வீட்டுத் துக்கத்துக்குத்தான் இந்த ஆள் இப்படி உருகுகிறார் என்று அந்த வீட்டு ஜனம் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது.

இன்றைக்கு எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஜீயபுரம்வரை எந்தச் செட்டு வந்தாலும் அந்த மெட்டுதான். யார் போட்டது என்று கேட்டால், "அது அந்தக் காலத்துதுங்க" என்பார்கள். போட்டவர் பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார்.

இப்போதும் அதைத்தான் ஊதிக்கொண்டு போனார்.

"அமிர்தம்!"

அதே குரல். வயசே ஆகாத குரல்.

மூச்சு வாங்குகிற சாக்கில், பக்கத்தில் டிரம் அடித்துக்கொண்டு வந்த கலையரசனிடம் கேட்டார்.

"யாருடா என்னைக் கூப்பிடுறது?"

"யாரும் கூப்பிடலயேண்ணே. நீங்க ஊதுங்க."

யாருடைய சாவு என்று அமிர்தராஜ் கேட்டுக்கொள்வதே இல்லை. போனில் பேசி வேலை பிடிப்பதெல்லாம் கலையரசன். வா என்றால் வருவார், ஊது என்றால் ஊதுவார்.

ரேஷன் கடைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. பசை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. நரைத்த மீசையோடு ஒருவர் அதில் சிரித்தார். நடந்துகொண்டே பெயரைப் படித்தார்.

'சினிமா' வெள்ளைச்சாமி.

மெட்டில் ஒரு சுரம் தப்பியது. கால் மட்டும் பழக்கத்தில் நடந்தது. வீட்டில் பெண்டாட்டி சகாயம்மாள் மத்தியானத்துக்கு மீன் குழம்பு வைத்துக் காத்திருப்பாள். கும்பிட்டுவிட்டுப் பேசாமல் போய்விடு ராஜு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும் பொங்கியது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஆள் தன்னை மறக்கவில்லையே!

"அமிர்தம், வண்டிக்கு நேரமாச்சுய்யா. வரியா, இல்லையா?"

இந்தத் தடவை குரல் பிடரிக்குப் பக்கத்தில் கேட்டது.

கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். மெட்டு பாதியில் நின்றது.

"அண்ணே, திரும்பாதீங்க!" என்று கத்தினான் கலையரசன்.

அவர் திரும்பிவிட்டார்.

"இதோ வந்துட்டேன் சார்" என்றார்.