காலிக் கிண்ணம்

"கிண்ணம் காஞ்சு கெடக்குது! குட்டிக்குத் தண்ணி வெக்கலியா?"

ஷூ கம்பெனியிலிருந்து வந்த பாண்டியன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாய்க்குட்டி ஓடிவந்து காலிக் கிண்ணத்தை நக்கியது.

"நான்தான் வெக்கல" என்றாள் பாரதி. அவளும் வேறொரு கம்பெனியில் ஷூ தைத்துவிட்டு இப்போதுதான் வந்திருந்தாள்.

"இன்னாது?"

"பின்ன இன்னாங்க பண்றது? ஒண்ணுக்குப் போவ பேடு விரிச்சா, பேடை விட்டுட்டுத் தரையில போவுது. தெருவுக்குக் கூட்டினு போனா வேடிக்கை பாத்துட்டு, வீட்டுக்குள்ள வந்து போவுது. ஒரே பேஜார். ஞாயித்துக்கிழமைக்குள்ள நாத்தம் போலன்னா நாயை அனுப்பிடணும்னு வீட்டு ஓனர் சொல்லிட்டாரு. தண்ணி கம்மியா குடிச்சா கம்மியாதானே போவும்?"

பாண்டியனுக்கு வந்ததே கோபம்!

"நீயெல்லாம் ஒரு மனுஷியா? வாயில்லா ஜீவனைப் போயி இப்படி வாட்டுறியே! நாய் டாக்டர் இன்னா சொன்னாரு? தண்ணி நெறைய வெக்கணும். தூங்கி எழுந்தா, சாப்பிட்டா, உடனே வெளிய தூக்கினு போவணும். மோந்துகினே சுத்துச்சுன்னா அதுக்கு அவசரம்னு அர்த்தம். அடக்க வெச்சா கிட்னி கெட்டுடும்டி!"

பாரதி முழித்தாள். குத்திக் காட்டவெல்லாம் அவளுக்குத் தெரியாது. நிஜமாகவே புரியவில்லை.

"கிட்னி கெட்டுடுமா? கம்பெனியில நாங்க அப்படித்தானே இருக்கோம்? தைக்கிற லைனுக்கே ஒரே ஒரு பாத்ரூம் டோக்கன், அது கையில இருந்தாதான் போவலாம். கேட்டா, டார்கெட் முடியட்டும்ன்றாங்க. அதான் காலையில ஒரு வாய் தண்ணி குடிக்காம கெளம்பிடறோம். உங்க லைன்ல தைக்கிறாளே, எதிர்வீட்டு எழிலரசி, அவளும் அப்படித்தான். இந்த யோசனையே அவதான் சொன்னா. 'ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம் குட்டிக்கும் பழகிடும்க்கா'ன்னு."

எழிலரசி லைனுக்குச் சூப்பர்வைசரே பாண்டியன்தான். கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்தான். குட்டி மடமடவென்று குடித்தது. கொஞ்ச நேரத்தில் தரையை மோந்துகொண்டே சுற்ற ஆரம்பித்ததும் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். குட்டி வேலியோரம் சமர்த்தாகப் போய்விட்டு வாலை ஆட்டியது.

"பாத்தீங்களா, வெளியவே போயிடுச்சு!" என்று வாசலில் நின்ற பாரதி கைதட்டினாள்.

அவன் சட்டைப் பாக்கெட்டில் கைவிட்டான். லைன் டோக்கன். தன்னைக் கேட்காமல் யாரும் எழுந்து போகக்கூடாதென்று அவன் கையோடு வைத்திருக்கிற தோல் துண்டு. அதை எடுத்துக் குட்டியின் முன்னால் போட்டான்.

மறுநாள் காலை. மெஷினை விட்டு எழுந்த எழிலரசி, தயங்கித் தயங்கி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"சார்... டோக்கன்..."

"அதை எங்க வீட்டு நாய்க்குட்டி கடிச்சுத் தின்னுடுச்சும்மா. இனிமே டோக்கன் கிடையாது, நீ போய்ட்டு வா."

அவள் நம்ப முடியாமல் இரண்டடி போனாள். பாண்டியன் பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னான்:

"வர்றப்ப வயிறு நெறையத் தண்ணி குடிச்சிட்டு வா."