குழாய் ஜெயித்த கதை

ஒரு தெருமுனையில் ஒரு குழாய் இருந்தது. அதில் தண்ணீர் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. வரிசையில் இடம்பிடிக்க யாரோ வைத்துவிட்டுப் போன பச்சைக் குடம் மட்டும் இன்னும் அதன் அடியில் காத்துக் கிடந்தது.

ஒருநாள் விடிந்து பார்த்தால், எதிர்ச் சுவரில் குழாயின் படம்! மூக்கிலிருந்து நீலநீலமாகத் தண்ணீர் கொட்டியது. கவுன்சிலர் தேர்தலில் நின்ற யாருக்கோ அது சின்னம். குழாய்க்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

"அடியே, நான் தேர்தல்ல நிக்கிறேன்டி" என்றது குடத்திடம்.

"நில்லுக்கா. ஜெயிச்சா தண்ணி குடுப்பியா?"

"கொட்டோ கொட்டுன்னு கொட்டுவேன்."

"உங்கள் ஓட்டு குழாய்க்கே!" என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கத்தக் கத்த, குழாய்க்குத் தன் தொண்டைக்குள் ஆறு ஓடுவதுபோல் இருந்தது. விரலில் மையோடு திரும்பியவர்கள் எல்லாரும் தன்னைப் பார்த்தே சிரித்ததாக நினைத்துக்கொண்டது. ஜெயித்த அன்று யாரோ அதன் கழுத்திலும் ஒரு மாலையைப் போட்டார்கள். மறுநாள் சுவருக்கு வெள்ளையடித்தார்கள்.

மாலை சருகானது. குடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் குழாய்க்குத் தாங்கவில்லை. விடிகாலைப் பனியை உடம்பெல்லாம் வாங்கி, மெல்ல மெல்ல மூக்கு நுனிக்கு உருட்டிக்கொண்டு வந்து, ஒரு சொட்டு விட்டது.

டொக்.

"ஏதோ என்னால ஆனது" என்றது, குனிந்த தலை நிமிராமல்.

குடம் அந்தச் சொட்டை வயிற்றுக்குள் வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அடுத்த தடவையும் நீயே நில்லுக்கா."