குடுவைக்குள் ஒரு கை

ஓர் அருங்காட்சியக அலமாரியில், கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு சின்னக் கை மிதந்துகொண்டிருந்தது. பெரியம்மையில் செத்துப்போன குழந்தையின் கை அது. தோலெங்கும் கொப்புளங்கள். பக்கத்துக் குடுவையில், சுருட்டுக் குடித்தே செத்த கிழவர் ஒருவரின் நுரையீரல் இருந்தது.

ஒருநாள் ஆராய்ச்சிக்காரி ஒருத்தி வந்து, கையிலிருந்து துளித் தோலை வெட்டி எடுத்துப் போனாள்.

"வலிச்சுதா?" என்று கேட்டது நுரையீரல்.

"வலிச்சா என்ன தாத்தா? நான் யாருன்னு கண்டுபிடிச்சுடுவாங்க. எனக்கே என் பேரு மறந்துபோச்சு."

அன்றிலிருந்து கைக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே விரல்கள் பதறின.

மழைக்காலம் கழிந்து அவள் மறுபடி வந்தாள். கூட வந்தவரிடம் குடுவையைக் காட்டிப் பூரிப்போடு சொன்னாள்:

"இந்தத் தோல்ல இருந்த கிருமியோட வம்சமே கிடைச்சுடுச்சு சார். எந்தக் கிருமியிலிருந்து வந்தது, எப்போ பிரிஞ்சு வேற மாதிரி ஆச்சு, எல்லாம் தெரிஞ்சுபோச்சு."

"குழந்தை யாரு?"

"அதை யாரும் எழுதி வைக்கலை சார்."

அவர்கள் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள். இருட்டில் குடுவை லேசாக நடுங்கியது.

"அழாதே தம்பி," என்றது நுரையீரல். சொன்ன பிறகுதான் அதற்குச் சந்தேகம் வந்தது. "தம்பியா, பாப்பாவா?"

"தெரியலையே தாத்தா," என்றது கை.