மணி வாயத் தொறக்காத நாள்

மூளை மாதிரியே பழகிக்கிற ஒரு சர்க்யூட் போர்டுல மூணு பேர் இருந்தாங்க. ஒரு மணி, ஒரு குட்டி பல்பு, ஒரு சிவப்பு வயர். பல்புக்குக் கரண்ட் ஊட்டுறதால வயருக்குச் சோறுன்னே பேரு.

சோறு வந்தா பல்பு எரியும். மணி அடிச்சா திரும்பிக்கூடப் பாக்காது. ஆனா சோறும் மணியும் பத்து தடவை சேந்து வந்ததும், மணிச் சத்தம் கேட்டாலே பல்பு எரிய ஆரம்பிச்சிடுச்சு. மணிக்குப் பெருமை தாங்கல.

ஒருநாள், போர்டைச் செஞ்ச ஜெசிந்தா சோறைக் கழட்டி டிராயர்ல போட்டுட்டா. மணி மட்டும் அடிச்சுது.

"சோறு அண்ணன் வந்தாச்சா?"ன்னு பல்பு எரிஞ்சுது.

"இல்லடா, நான்தான்."

அடுத்த தடவை மங்கலா எரிஞ்சுது. அதுக்கடுத்த தடவை இன்னும் மங்கல்.

"யாரோ வருவாங்கன்னு இருந்தேன். யாருன்னுதான் ஞாபகம் வரல."

தான் தனியா அடிக்க அடிக்க இவன் சோறை மறந்துட்டே வர்றான்னு மணிக்குப் புரிஞ்சுது. உடனே நாக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு.

மணியடிக்கிற பட்டனை அமுக்கிப் பாத்த ஜெசிந்தா, "மணி போச்சு, மாத்திடணும்"னு டிராயரைத் திறந்தா.

"அடிச்சுத் தொலையேன், உன்னைத் தூக்கிப் போட்டுருவாங்க"ன்னு பல்பு கெஞ்சுச்சு. மணி அசையல.

டிராயர்ல வேற மணி இல்ல, சிவப்பு வயர்தான் கிடந்துச்சு. "இதைக் கழட்டினதாலதான் மணி போயிருக்கும்"னு அதைத் திரும்பச் சொருகி, பட்டனை அமுக்கினா.

"அண்ணே, இத்தனை நாளா எங்க போயிருந்தே?"ன்னு பல்பு பளிச்சுன்னு எரிஞ்சுது.

மணி அப்பதான் நாக்கை விட்டுச்சு.