படையலில் வைத்த காபி

பீங்கான் சூளையில் வேலை பார்த்த தேவநாதனுக்கு முதல் வருஷப் படையல் இன்று. இலையில் வடை, பாயசமெல்லாம் வைத்த அமிர்தம், கணவரின் கப்பில் மட்டும் சுக்குக் காபியை ஊற்றினாள். காபித்தூள் நெஞ்சுப் படபடப்பைக் கிளப்பிவிடும் என்று டாக்டர் அவருக்குத் தடை போட்டிருந்தார்.

மருமகள் பிரபா சிரித்துவிட்டாள். "போய்ச் சேந்தவருக்கு இனிமே இன்னா படபடப்பு அத்தை? மாமா ஆசப்பட்டதக் குடுங்க."

அமிர்தம் மனசில்லாமல் கள்ளிச்சொட்டாக நிஜக் காபியே கலந்து வைத்தாள். அவர் வந்து சாப்பிடட்டும் என்று வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே நின்றார்கள்.

திறந்தபோது வடை வைத்தபடியே இருந்தது. கப்பில் சொட்டு காபி இல்லை. ஃபேன் ஓடவில்லை. ஆனால் படத்துக்குப் போட்டிருந்த சாமந்தி மாலை, அவர் நெஞ்சுக்கு நேரே மட்டும், படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா? டாக்டரு சும்மாவா சொன்னாரு?" என்று மருமகளை முறைத்துவிட்டு, அமிர்தம் சுக்கு தட்டப் போனாள்.